மாப்பிள்ளைக்கென்று செய்தது

“ஓரத்துல நிக்காதீங்க மாப்பிள்ளை, இந்தப் பக்கம் வந்துருங்க” என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு, தோட்டத்து ஆள் கந்தப்பன் கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, கடைசி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். கிருபாசங்கர் நகரவில்லை. கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்த பாதிப் பலகையில் சுருக்குப் போட்ட கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றான். போல்ட் கழன்றதும் பலகை ஓர் ஆட்டம் ஆடிச் சுவரில் இடித்தது. இருவரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டார்கள். நாலடி நீளம் இருந்தது. மிச்ச நாலடி அறுபதடிக்குக் கீழே, கிருபாசங்கரின் மாமனார் லட்சுமணசாமி நேற்றுக் காலையில் விழுந்த அதே பாறையில் கிடந்தது.

வீட்டுப் பக்கமிருந்து பறைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பெருந்துறை ஆஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து அவரை இறக்கி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஷாமியானாவுக்கு அடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். அறுபத்து மூன்று வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது, ஒரு தலைவலி என்று படுத்த மனுஷன் கிடையாது. முந்தாநாள் சாயங்காலம்தான் மகள் நந்திதாவுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நுங்கு வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவே இல்லை. அதற்குள் ஆள் பெட்டிக்குள் இருக்கிறார் என்பது கிருபாசங்கரின் மண்டையில் ஏற மறுத்தது. நேற்றிலிருந்து அவன் அழவும் இல்லை, சரியாகப் பேசவும் இல்லை. கேட்டால் பதில் சொன்னான், கூப்பிட்டால் எழுந்து போனான், அவ்வளவுதான்.

எப்படி நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சென்னிமலைக்கு வடக்கே இருக்கும் அவர்கள் தோட்டத்தில் காலை ஆறு மணிக்கும், பிறகு பத்துக்கும் நாலுக்கும் த்ரீ பேஸ் கரண்டு வரும். கிணற்றுக்குள் குறுக்கே போட்ட இரும்புச் சட்டத்தின் மேல் மோட்டார் இருக்கிறது. விளிம்பிலிருந்து அந்தச் சட்டத்துக்குப் போக ஒரு நடைபலகை. காலைக் கரண்டு வந்ததும் லட்சுமணசாமி ஒரு வாளித் தண்ணீரோடு, இழுவை பிடிப்பதற்காக மோட்டாருக்கு நீர் ஊற்றப் பலகையில் நடந்திருக்கிறார். அது நடுவில் முறிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த கந்தப்பன் பார்த்தபோது கிணற்றுத் தண்ணீரில் வாளி மிதந்துகொண்டிருந்தது, அவர் பக்கத்துப் பாறையில் கிடந்தார்.

அந்தப் பலகை அவரே செய்தது. அவர் தோட்டத்து மூலையில் ஒரு ஷெட் போட்டு, கண்ணாடி நாரையும் பிசினையும் வைத்து ஃபைபர் சாமான்கள் செய்துவந்தார். கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சில் விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் தேய்த்து, அதன் மேல் இன்னொரு துணி விரித்து, இன்னொரு தரம் பிசின் ஊற்றி, இப்படியே அடுக்கிக் காயவைத்தால் இரும்பைப் போல இறுகிக்கொள்ளும், இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு என்று இருபது வருஷமாகச் செய்தவருக்கு இந்த வருஷம்தான் கிணற்று நடைபலகை யோசனை வந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் இரும்புத் தகடு இற்றுப்போய்க் கிடப்பதைப் பார்த்துவிட்டு எட்டுப் பலகை செய்தார். ஒன்றைத் தன் கிணற்றில் போட்டார். மற்ற ஏழையும் பங்காளிகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தார்.

கொடுக்கிறபோது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார். மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டார் என்பதுதான் அந்த வார்த்தை.

கிருபாசங்கருக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்களிடம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கோயமுத்தூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறான். காற்றாலை இறக்கை, கார் பம்பர், இந்த மாதிரி நாரும் பிசினும் கலந்து செய்த பொருள்கள் பாரம் ஏற்றினால் எவ்வளவு வளையும், எங்கே விரியும், எப்போது முறியும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற வேலை. கல்யாணமான புதிதில், நல்ல பொருளை எல்லாம் உடைத்துப் பார்ப்பதற்கா மாசச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கேலி ஓடியது. லட்சுமணசாமி மட்டும் கேலி செய்யவில்லை. இவன் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைக் கொட்டாமல் திரையைப் பார்ப்பார்.

பலகைக்காக அவர் கேட்டதுகூடக் கேட்ட மாதிரி இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும், தொந்தரவு செய்யக்கூடாது, ஒழிந்த நேரத்தில் பார்த்தால் போதும் என்று மகளிடம் சொல்லிவிட்டார். இவன் ஒரு சாம்பிள் அனுப்பச் சொன்னான். உள்ளங்கை அளவில் ஒரு சாம்பிள் வந்தது. பொறுக்கி எடுத்த நிலக்கடலை ஒரு பை, நெய் ஒரு சொம்பு, மூங்கில் கூடையில் ஒட்டு மாம்பழம், எல்லாவற்றுக்கும் நடுவில் புதுத் துணியில் சுற்றி அந்தச் சாம்பிள் இருந்தது.

அதை ஆராய்ச்சிக் கூடத்து எக்ஸ்ரே கருவியில் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். மயிரிழையை விட மெல்லிய நார்கள் மேலும் கீழும் பின்னிப் போவதும், இடையில் பிசின் நிரம்பி நிற்பதும், எங்காவது காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் அதுவும் அந்தப் படத்தில் தெரியும். அதிலிருந்து கடுகளவு இடத்தை எடுத்து, அதில் இருக்கிற ஒவ்வொரு நாரையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி, இழுத்தும் முறுக்கியும் வளைத்தும் பார்க்க வேண்டும். அந்தக் கடுகு எப்படி நெளிகிறதோ அதை வைத்து எட்டடிப் பலகை எப்படி நெளியும் என்று சொல்லிவிடலாம். முந்நூற்றைம்பது கிலோ வரைக்கும் பயமில்லை என்று கணக்கு வந்தது. பலகையின் படம் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் நீலமாக இருந்தது. சிவப்பாக இருந்தால்தான் ஆபத்து என்று சொல்லி, அந்தப் படத்தை மாமனாருக்கு அனுப்பினான். அவர் அதைச் சென்னிமலைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்து, ஷெட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

மாமனாரின் எடை எண்பத்திரண்டு கிலோ. வாளித் தண்ணீரைச் சேர்த்தாலும் நூறு தாண்டாது.

நேற்றுக் கோயமுத்தூரிலிருந்து வந்த காரிலேயே, அழுது ஓய்ந்த நந்திதா பக்கத்தில் கண்மூடிச் சாய்ந்திருக்க, அவன் மடிக்கணினியைத் திறந்து அந்தக் கணக்கை முதலிலிருந்து பார்த்தான். எடுத்த அளவு சரி. போட்ட பாரம் சரி. நாரின் திசை சரி. மருத்துவமனை வாசலில் காத்திருந்தபோது இன்னொரு முறை பார்த்தான். ஒரு புள்ளி மாறவில்லை. எங்கேயாவது ஒரு பிழை கிடைத்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதைவிடக் கொடுமை, அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் தெரியும், மாப்பிள்ளை பார்த்துச் சரியென்ற பலகைதான் முறிந்தது என்று. வேறு ஒருவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது? வந்தவர்கள் எல்லாம், வெயிலில் கிடந்து பலகை இற்றிருக்கும், அவர் கால் இடறியிருக்கும், அவர் நேரம் அவ்வளவுதான் என்று இவன் காதுபட ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி இவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் எல்லோருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. இவனுக்கு மட்டும், எந்தக் கை பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்ததோ, மாப்பிள்ளை வந்தால் எடுக்கிற வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. அவனால் ஒரு வாய் குடிக்க முடியவில்லை.

இப்போது பலகை அவன் காலடியில் கிடந்தது. குனிந்து முறிந்த விளிம்பைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். துணி அடுக்குகள் ஈரத்தில் ஊறிய நோட்டுப் புத்தகம் போலத் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. நகத்தால் கீறினால் நார் வெள்ளையாக உதிர்ந்தது. பிசின் அதைத் தொடவே இல்லை. பட்டாணி அளவில் காற்றுக் குழிகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்க்க எக்ஸ்ரே எதுவும் தேவைப்படவில்லை. வெறும் கண்ணே போதுமாக இருந்தது.

அவன் படம் எடுத்துப் பார்த்த பொருள் இது இல்லை.

“கந்தப்பண்ணா, எனக்கு அனுப்புன சாம்பிளை எந்தப் பலகைல அறுத்தீங்க?”

கந்தப்பன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பலகைல அறுக்கலீங்களே. அது தனியா செஞ்சதுங்க.”

அவர் இதில் மறைக்க ஒன்றும் இருப்பதாக நினைக்கவில்லை. மொதலாளியைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் கொஞ்சம் தெம்பாகக்கூட ஆனார். அந்தச் சாம்பிளுக்கென்றே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் அச்சுப் பண்ணினாராம். பிரிக்காத புதுத் துணிச் சுருளைப் பிரித்தாராம். ஆட்களை விட்டால் அவசரப்படுவார்கள் என்று காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் அவரே உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழியாக உருளையால் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினாராம். முதலில் செய்ததில் ஒரு தூசி விழுந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் மறுபடி செய்தாராம்.

“மாப்பிள்ளை ஊட்டுக்குப் போறதுங்க. நம்ம செய்யற லட்சணத்துல அனுப்புனா நல்லாவா இருக்கும்னாரு” என்றார் கந்தப்பன்.

“பலகை?”

“அது எப்பவும் செய்யற மாதிரிதானுங்க. ஒரே நாள்ல எட்டும் அடிச்சுப்போட்டோம். மழை மூட்டமா வேற இருந்துது, பிசின் சரியா இறங்கல.”

“ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு அவருக்குத் தெரியாதுங்களா?”

“பளபளப்புலதானுங்க வித்தியாசம்னு இருந்தாரு.” கந்தப்பன் பலகையைப் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார். ஏதோ புரியத் தொடங்கியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. “நானும் அப்படித்தானுங்க இருந்தேன்.”

அந்த மனுஷன் ஏமாற்றவில்லை. ஏமாற்றத் தெரிந்திருந்தால் தன் கிணற்றில் முதல் பலகையைப் போட்டு, தினமும் அதன் மேல் நடந்திருக்க மாட்டார். மகளைக் கொடுத்த வீட்டுக்கு மாம்பழம் அனுப்பினால் கூடையில் இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்குகிறோம். நிலக்கடலை அனுப்பினால் சொத்தை பார்த்து எடுக்கிறோம். அதே கையோடு சாம்பிளையும் அனுப்பிவிட்டார்.

அவர் போகட்டும், இவன் என்ன செய்துகொண்டிருந்தான்? கம்பெனிக்காரன் சாம்பிள் கொடுத்தால் மூன்று இடத்தில் அறுத்துத் தரச் சொல்வான். எந்த இடம் என்று குறிக்காத சாம்பிளைத் திருப்பி அனுப்பி, அதனால் மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவன்கூட. மாமனாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தான். கையால் செய்த சாமானில் குமிழியே இல்லாதது அதிசயம் என்று அப்போதே அவனுக்குப் பட்டது. பட்டதை என்ன செய்தான்? போன் போட்டுப் பாராட்டினான். மெஷினில் செய்த மாதிரி இருக்கிறது மாமா என்றான். அந்தப் பக்கம் அவர் சந்தோஷமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது காதில் கேட்டது.

ஏழு பலகை என்ற நினைப்பு அதற்கு அடுத்ததாக வந்தது. ஏழு கிணறு. அந்த ஏழு பேரும் இப்போது ஷாமியானாவுக்கு அடியில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? உங்கள் பங்காளி கொடுத்தது ஆகாத பலகை என்று, அவர் பெட்டிக்குள் கிடக்கும்போது, அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டா? மத்தியானம் எரித்துவிட்டு வந்ததும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், அதுவரை யாரும் தோட்டத்துக்குப் போகப் போவதில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பலகையைக் கோணிச் சாக்கால் மூடினான்.

அப்போதுதான் தண்ணிக்குப் போக நேரமாகிவிட்டது, மாப்பிள்ளை வரவேண்டும் என்று ஆள் வந்தது.

குளிப்பாட்டுவதற்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்க யாருக்கும் மனசில்லை. பக்கத்துத் தோட்டம் பங்காளி பாலுசாமியுடையது. லட்சுமணசாமிக்குச் சித்தப்பா மகன். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். அவர் கிணற்றிலிருந்து மூன்று குடம் கொண்டுவருவதாக முடிவாகியிருந்தது. பறை முன்னால் போக, வெள்ளை வேட்டியை நான்கு பேர் பந்தல் போலப் பிடிக்க, அதற்கடியில் குடங்களோடு பங்காளிகள் நடந்தார்கள். கிருபாசங்கர் வெறுங்காலோடு பின்னால் போனான். வரப்பு சுட்டது. மனதுக்குள் ஏழு பேருக்கும் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கோத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். எப்படிக் கோத்தாலும் செத்தவர் மேல் பழி விழுந்தது. திருப்பிக் கோத்தால் அவன் மேல் விழுந்தது.

கிணற்றடி வந்ததும் பறை ஓரமாக ஒதுங்கி நின்று அடித்தது. இறைத்து வைத்த தண்ணீர் ஆகாது, ஓடுகிற தண்ணீராக இருக்கட்டும், பத்து மணிக் கரண்டு வந்துவிட்டது, மோட்டாரைப் போட்டுவிடுகிறேன் என்று பாலுசாமி சொன்னது கூட்டத்துச் சத்தத்தில் இவன் காதில் சரியாக விழவில்லை. வேட்டிப் பந்தலைத் தாண்டி அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, பாலுசாமி கையில் வாளித் தண்ணீரோடு பலகையில் நாலைந்து எட்டு வைத்துவிட்டிருந்தார். சாம்பல் நிறம், எட்டடி நீளம், ஓரத்தில் லட்சுமணசாமி ஷெட்டின் அச்சு முத்திரை.

“மாமா, போகாதீங்க!”

பறை நின்றது. மாப்பிள்ளை கூப்பிட்ட பிறகு நிற்காமல் போவது பாலுசாமிக்குப் பழக்கமில்லை. பலகையின் சரிநடுவில் நின்று, வாளியைக் கை மாற்றிக்கொண்டு, நிதானமாக உடம்பைத் திருப்பி இவனைப் பார்த்தார். அவருக்கு லட்சுமணசாமியை விடப் பெரிய உடம்பு. பலகை நடுவில் தாழ்வது இங்கிருந்தே தெரிந்தது. அது எவ்வளவு தாழலாம் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது கிருபாசங்கருக்குத்தான் தெரியும். அதை விட அதிகமாகத் தாழ்ந்திருந்தது.

“ஏனுங்க மாப்பிள்ளை?” என்றார் அங்கேயே நின்று.

“வாளியை அப்படியே உட்டுப்போடுங்க. ஒண்ணும் கேக்காதீங்க. மெதுவா வந்துருங்க மாமா.”

அவர் இவன் முகத்தைப் பார்த்தார். வாளியை விட்டார். அது சுவரில் இரண்டு முறை மோதிக் கீழே போய் விழுந்த சத்தம் வர ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. பாலுசாமி காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வந்தார். கடைசி அடியில் கிருபாசங்கர் பாய்ந்து அவர் கையைப் பிடித்து மண்ணுக்கு இழுத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நேற்றிலிருந்து வராத அழுகை இப்போது வாயைக் கோணிக்கொண்டு வந்தது.

அங்கேயே, மண்ணில் உட்கார்ந்தபடியே சொன்னான். கோத்து வைத்த வார்த்தை ஒன்றும் நினைவில் இல்லை. “இந்தப் பலகை ஆகாதுங்க. நான் சொன்ன கணக்கு இந்தப் பலகைக்குச் சொன்னதில்லீங்க. மாமா எனக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு அனுப்பிச்சாரு. நான் அதைப் பாத்துப்போட்டு இது தாங்கும்னு சொன்னேன். எதுல அறுத்ததுன்னு கேக்கோணும். நான் கேக்கலீங்க.”

லட்சுமணசாமிக்கு ஒன்றுவிட்ட மச்சினன் முறையான கோபாலசாமி, இதையெல்லாம் பொறவு பேசிக்கொள்ளலாம், மாப்பிள்ளை மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாம், நாங்களும் இரண்டு மாசமாக நடக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்று ஆறுதலாகச் சொன்னார்.

“மாமாவும் ரெண்டு மாசம் நடந்தாருங்க” என்றான் கிருபாசங்கர்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். கிணத்துப் பக்கம் போகாதே, யாரையும் விடாதே, ஏன் எதற்கென்று அப்புறம் சொல்கிறேன். ஐந்து வீட்டில் எடுத்துவிட்டார்கள். கோபாலசாமியின் மனைவி பாவாத்தாள் மட்டும் எடுக்கவில்லை. இரண்டு முறை அடித்தார், மூன்று முறை அடித்தார். அவர் தோட்டத்திலும் இப்போது கரண்டு வந்திருக்கும். ஆறுதல் சொன்ன மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருடைய பைக் என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போனார். காலிக் குடங்களோடு கூட்டம் கிணற்றடியிலேயே நின்றது. பதினைந்து நிமிஷம் கழித்துப் போன் வந்தது. பாவாத்தாள் ஆட்டுப்பட்டியில் இருந்தாளாம், போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்ததாம்.

பாலுசாமி மூன்று குடத்துக்கும் கயிறு கட்டித் தன் கையாலேயே இறைத்தார்.

அவர்கள் திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. நந்திதா பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. வீட்டுப் பக்கவாட்டில், அப்பாவின் மொபெட் நிற்கிற இடத்தில் தனியாக நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் கண்ணில் இப்போது தண்ணீர் இல்லை.

“தனியா செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாது.”

“கேக்கலாமில்ல?”

அவள் மொபெட்டின் சீட்டில் படிந்திருந்த தூசியைக் கையால் தள்ளினாள்.

“கம்பெனிக்காரன் கொடுத்திருந்தா கேட்டிருப்பீங்க” என்றாள்.

கேட்டிருப்பேன் என்று அவன் தலையை ஆட்டினான். அவள் மேலும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தான். திட்டினாலும் பரவாயில்லை, அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவள் குளிப்பாட்டக் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போய்விட்டாள். அவள் அப்பாவைப் போலத்தான், ஒருவரைக் கடிந்து பேச அவளுக்கு வராது.

மத்தியானம் எல்லாம் முடிந்தது. கோடித்துணி போர்த்த வரிசையில் மாப்பிள்ளை வீட்டுக் கோடி என்று பெயர் சொல்லி அழைத்தபோது அவன் போய்ப் போர்த்தினான். பாலுசாமியின் மகன் கொள்ளி வைத்தான். சுடுகாட்டில், கருமாதி நாளைக் கூடியிருந்தவர்களுக்குச் சொல்லி முடித்ததும், பாலுசாமி அதோடு சேர்த்து, லட்சுமணன் பலகை வாங்கினவர்கள் எல்லாம் இன்றைக்கே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், மாப்பிள்ளை சொல்கிறார் என்றார். மாப்பிள்ளை சொல்கிறார் என்பதை அவர் முன்னைப் போலவே மரியாதையாகத்தான் சொன்னார்.

நான்கு மணிக் கரண்டு வருவதற்குள் ஏழும் வந்துவிட்டன. கந்தப்பன் வாங்கி வேலியோரம் அடுக்கினார். கிருபாசங்கர் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் யார் கிணறு, கரைப் பக்கம் எது, மோட்டார் பக்கம் எது என்று எழுதினான். நாளைக்கு மூன்று மூன்று இடத்தில் அறுக்கச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது, ஷெட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த நீலப் படத்தைக் கழற்றிவிடலாமா என்று கந்தப்பன் கேட்டார். அவன் அடுத்த பலகைக்கு நகர்ந்தான். அவரும் கழற்றவில்லை.

சாயங்காலம் மாமியார் மயிலாத்தாள் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். உள் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியதாக யாரும் சொல்லவில்லை. நந்திதா அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான். யாரோ வந்து அவன் முன்னால் காப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அதே வெள்ளி டம்ளர்தான்.

கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கேட்கட்டும், இவர்களில் ஒருவராவது கேட்கட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“உங்களுக்குன்னு ரெண்டு நாள் உக்காந்து செஞ்சாருங்களே, சாம்பிளு.” மயிலாத்தாள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அது நல்லா இருந்துதுங்களா?”

கோயமுத்தூரில் அவன் மேஜை இழுப்பறையில், பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் அது இருக்கிறது. நார் நாராக அவனுக்கு அது மனப்பாடம். அதில் இருந்த குமிழிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

“அவ்வளவு சுத்தமா ஒருத்தர் செஞ்சு நான் பாத்ததே இல்லீங்க அத்தை.”

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு மூன்று முறை ஆட்டினாள். நந்திதா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மின்விசிறியை அணைத்து ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“காப்பி ஆறிப்போச்சாட்ட இருக்குதுங்க” என்றாள் மயிலாத்தாள். டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று தோளைப் பிடிக்க, அவர்கள் கையை விலக்கிவிட்டு, தரையில் கையூன்றி எழுந்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் அதற்குள் டம்ளரை எடுத்துக்கொண்டு, விளிம்பில் ஒட்டியிருந்த பாலாடையை முந்தானையால் துடைத்தபடி, சூடு பண்ண அடுப்படிக்குப் போய்விட்டாள்.